பேட்மிண்டன் மட்டையா, ஸ்டாப்வாட்சா? கோடை விடுமுறைக்கு நாங்கள் பார்த்த மூன்று வழிகள்

முழுப் பரீட்சை முடிவதற்கு முன்பே சென்னையில் எங்கள் ஃபிளாட்ஸ் வாட்ஸப் குழுவில் சம்மர் கேம்ப் நோட்டீஸ்கள் வர ஆரம்பித்துவிட்டன. கிரிக்கெட், நீச்சல், பேட்மிண்டன், ஸ்கேட்டிங், சிலம்பம் என்று வழக்கமானவைதான். அவற்றுக்கு நடுவே புதிதாக ஒன்று: குழந்தைகளுக்கான விளையாட்டு அறிவியல் முகாம், திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை. விளையாட்டைச் சொல்லித் தருவதில்லை. விளையாடும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லித் தருகிறார்கள்.

இந்தக் கோடைக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். என் மகளுக்குப் பதினொரு வயது, மூன்று வருடமாக பேட்மிண்டன் ஆடுகிறாள். மதுரையிலிருந்து லீவுக்கு வந்திருக்கும் அக்கா மகனுக்கு எட்டு வயது. ஓரிடத்தில் உட்கார மாட்டான். இரண்டு பேரையும் என்ன செய்யலாம் என்று மூன்று வழிகளை விசாரித்தேன். ஒன்று, எப்போதும் போலக் கோச்சிங் முகாம். இரண்டு, இந்த விளையாட்டு அறிவியல் முகாம். மூன்று, எங்கேயும் சேர்க்காமல் வீட்டிலும் மொட்டை மாடியிலும் நாமே செய்வது.

போன வருடம் நடந்தது இல்லையென்றால் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டேன். அப்போது மகளை ஒரு பேட்மிண்டன் முகாமில் சேர்த்திருந்தோம். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள். பத்தாவது நாள் காலையில் படுக்கையை விட்டு எழுந்தவள் குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலில் நடந்து பாத்ரூமுக்குப் போனாள். கோச்சிடம் சொன்னால், "ஷூ பழகலை, சரியாயிடும்" என்றார். இன்னும் மூன்று நாள் ஆடினாள். அதன் பிறகுதான் எலும்பு மருத்துவரிடம் போனோம். குதிகால் எலும்பில் வளரும் பகுதி இன்னும் இறுகவில்லை, கெண்டைக்கால் தசைநார் அதைத் திரும்பத் திரும்ப இழுத்ததால் வந்த வலி, வளரும் வயதில் ஓடிக் குதிக்கும் பிள்ளைகளுக்கு வருவதுதான் என்றார். மருந்தைவிட ஓய்வுதான் முக்கியம் என்று சொல்லி நான்கு வாரம் கோர்ட் பக்கமே போகக் கூடாது என்றுவிட்டார்.

அவர் சொன்ன ஒரு கணக்கு அப்படியே மனதில் நின்றுவிட்டது. ஒரு குழந்தை வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சியாக விளையாடுகிறது என்பது அதன் வயதைத் தாண்டக் கூடாது. விளையாட்டு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவுகோல் இது. பத்து வயதுக்குப் பத்து மணி நேரம். நாங்கள் இருபத்துநான்கு மணி நேரம் ஆட விட்டிருந்தோம். யாருமே அதைக் கூட்டிப் பார்க்கவில்லை, நானும்தான்.

அதற்காகக் கோச்சிங் முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கலை கையில் படிய வேண்டுமானால் திரும்பத் திரும்பச் செய்துதான் ஆக வேண்டும், அதற்கு மாற்றே கிடையாது. நீச்சலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடலோர ஊரில், மழை வந்தால் தெருவில் தண்ணீர் நிற்கும் ஊரில் இருக்கிற பிள்ளைக்கு நீந்தத் தெரிந்திருக்க வேண்டும். வேளச்சேரி நீச்சல் வளாகம், பெரியமேடு நேரு ஸ்டேடியம், எழும்பூர் ஹாக்கி மைதானம், நுங்கம்பாக்கம் டென்னிஸ் மைதானம் என்று நல்ல இடங்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே கோடையில் பயிற்சி முகாம் நடத்துகிறது. தனியார் அகாடமியில்தான் சேர்க்க வேண்டும் என்ற அவசியமில்லை.

சேர்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். அக்கா மகனுக்காக ஒரு கிரிக்கெட் முகாமைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு கோச், முப்பதுக்கும் மேல் பிள்ளைகள், இரண்டு நெட். அவன் வயதில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பையனை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் அவன் பேட்டுக்கு வந்தது பதினான்கு பந்து. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்றான், பேடை மாட்டினான், கழற்றினான், தண்ணீர் குடித்தான். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதாது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முகாமில் இருந்த நேரம் வேறு, ஆடிய நேரம் வேறு.

தூக்கத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெயிலுக்குப் பயந்து கோச்சிங்கெல்லாம் காலை ஐந்தரை, ஆறு மணிக்கே தொடங்கிவிடுகிறது. அது சரிதான். ஆனால் ஏப்ரல், மே என்றால் ஐ.பி.எல். மேட்ச் முடியவே பதினொன்று ஆகிவிடும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பார்கள். பதினொன்றுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்திருக்கும் பிள்ளைக்கு ஆறு மணி நேரம்கூடக் கிடைப்பதில்லை. காலை முகாம் என்றால் வீட்டில் ராத்திரி டிவியை அணைத்தே ஆக வேண்டும்.

அடுத்தது விளையாட்டு அறிவியல் முகாம். இதற்குச் சென்னை பொருத்தமில்லாத ஊர் இல்லை. நந்தனத்து ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920-லிருந்து இருக்கிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. போரூர் ராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனத்தில், கிரிக்கெட்டில் பந்து வீசும்போது முழங்கை விதி அனுமதிக்கும் 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று கேமராக்களை வைத்து அளக்கும், சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐ.சி.சி.) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இருக்கிறது. ஐ.ஐ.டி.யிலும் விளையாட்டு அறிவியலுக்குத் தனி மையம் வந்துவிட்டது. இங்கெல்லாம் படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. அதனால் முகாம் நடத்துபவர் என்ன படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள். பிசியோதெரபியோ, உடற்கல்வியோ, விளையாட்டு அறிவியலோ முறையாகப் படித்த ஒருவராவது முழு நேரமும் இருக்க வேண்டும். நன்றாக ஆடியவர் என்பது மட்டும் இதற்குப் போதாது.

இப்படி இரண்டு முகாம்களை நேரில் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்.

முதலாவதில் பெற்றோர் வந்து பார்க்க ஒரு சனிக்கிழமையை ஒதுக்கியிருந்தார்கள். ஹாலில் வரிசையாக மரப் பலகைகள். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக, ஒருவர் ஏறி இறங்க, இன்னொருவர் கையில் ஸ்டாப்வாட்ச். ஏறுவதற்கு முன் உட்கார்ந்தபடி கழுத்தில் இரண்டு விரலை வைத்து 15 விநாடி துடிப்பை எண்ணி நான்கால் பெருக்குகிறார்கள். மூன்று நிமிடம் ஏறி இறங்கியதும் ஒரு தடவை, அதன் பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஒரு தடவை. எல்லாம் அவரவர் நோட்டில் வரைபடமாக ஏறுகிறது. ஒரு சிறுமிக்கு முதலில் 88, முடித்ததும் 164, மூன்று நிமிடம் கழித்தும் 128. பக்கத்தில் இருந்தவனுக்கு 104-க்கு இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் ஏன் மிஸ் இறங்கவே மாட்டேங்குது?" என்று அவள் கேட்டாள். அந்தப் பயிற்சியாளர் உடனே பதில் சொல்லவில்லை. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், காலையில் என்ன சாப்பிட்டாய், தண்ணீர் குடித்தாயா, கடைசியாக எப்போது ஓடி விளையாடினாய் என்று கேட்டுவிட்டு, "வெள்ளிக்கிழமை மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்றார். அந்தச் சிறுமி நான்கு பதிலையும் வரைபடத்துக்குக் கீழே எழுதி வைத்தாள்.

இரண்டாவதில் கருவிகள் இன்னும் பெரிதாக இருந்தன. ஆனால் அளப்பதெல்லாம் பெரியவர்கள். பிள்ளைகள் வரிசையில் வந்து குதித்துவிட்டு, ஊதிவிட்டு, போய் உட்கார்ந்துகொண்டார்கள். கடைசி நாளில் லேமினேட் செய்த ஒரு அறிக்கை தருவார்களாம், அதில் 'உங்கள் குழந்தைக்கு ஏற்ற விளையாட்டு' என்று ஒரு கட்டம் இருந்தது. கூடுதல் பணம் கட்டினால் எச்சிலை எடுத்து டி.என்.ஏ. சோதனையும் செய்து சொல்வோம் என்றார்கள். தயவுசெய்து அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஒரு குழந்தை எந்த விளையாட்டில் பிரகாசிக்கும் என்பதை இன்றைய மரபணுச் சோதனையால் சொல்ல முடியாது, திறமையைக் கண்டறிய அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதே இந்தத் துறை ஆய்வாளர்களின் நிலை. எட்டு வயதில் ஒரு பிள்ளையிடம் 'உனக்கு ஓட்டம் வராது' என்று அச்சடித்துக் கொடுத்தால் அது எத்தனை வருடம் மனதில் தங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள ஒரே வித்தியாசம் ஸ்டாப்வாட்ச் யார் கையில் இருக்கிறது என்பதுதான். தன் துடிப்பைத் தானே எண்ணத் தெரிந்த பிள்ளை, வலி வந்தால் 'இது களைப்பா, வேறு ஏதாவதா' என்று தனக்குள் கேட்டுக்கொள்ளும். போன வருடம் என் மகளுக்கு அது தெரிந்திருந்தால் மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடியிருக்க மாட்டாள். கேட்டபோது, "எல்லாருக்கும் இப்படித்தான் வலிக்கும்னு நெனச்சேம்மா" என்றாள்.

நல்ல முகாமில் இன்னும் சில விஷயங்களைப் பார்த்தேன். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே மடிகிறதா என்று செல்போனில் மெதுவாக ஓட விட்டுப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். பெண் குழந்தைகளுக்கு இது மிக அவசியம். பருவ வயதில் முழங்கால் ஜவ்வு கிழியும் ஆபத்து அவர்களுக்கு அதிகம், சரியாகத் தரையிறங்கப் பழகினால் அதைக் குறைக்கலாம். மாதவிடாய் பற்றியும் பெண் பயிற்சியாளர் ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசுகிறார். அந்த நாட்களில் ஆடலாமா கூடாதா என்று பாட்டி ஒன்று சொல்ல, கோச் ஒன்று சொல்ல, பிள்ளை நடுவில் நின்று முழிக்கிறது. ஆடலாம், உடம்பு சொல்வதைக் கேட்டு ஆடலாம் என்று ஒருவர் தெளிவாகச் சொல்வதே பெரிய விஷயம். உயரம் பற்றியும் ஒரு வகுப்பு உண்டு. பாஸ்கெட்பால் ஆடினால் உயரமாவார்கள், எடை தூக்கினால் குட்டையாகிவிடுவார்கள் என்பது இரண்டுமே உண்மையில்லை. உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பரம்பரை, அதற்கு மேல் சாப்பாடும் தூக்கமும். அளவோடு, ஆள் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்தால் பிள்ளைகளுக்கும் தசைப் பயிற்சி நல்லதுதான்.

இதில் குறையும் உண்டு. ஒரு வாரத்துக்கு 7,500 ரூபாய் கேட்டார்கள், மதியச் சாப்பாடு சேர்த்து. கோச்சிங் முகாமில் ஒரு மாதமே அதற்கு ஓடிவிடும். ஏழு மணி நேரத்தில் உடம்பு அசைவது இரண்டு, இரண்டரை மணி நேரம்தான், மீதி உட்கார்ந்து எழுதுவதும் பேசுவதும். எட்டு வயதுக்கு அது அதிகம். பெருக்கல் கணக்கும் வரைபடமும் கை வராத பிள்ளைக்குப் பாதி விஷயம் போய்ச் சேராது.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். முகாம்களை விசாரித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே இதையும் செய்து பார்த்தோம். ஒரு முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல் போதும். ஒருவர் ஸ்கேலை மேலே தொங்கவிட்டுப் பிடிக்க, இன்னொருவர் பூஜ்ஜியத்துக்கு நேராக விரலையும் கட்டை விரலையும் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட்டதும் கப்பென்று பிடிக்க வேண்டும். அக்கா மகன் முதலில் 24-இல் பிடித்தான், பத்துத் தடவைக்குப் பிறகு 19 வந்தது. 24 சென்டிமீட்டர் விழ ஏறக்குறைய 0.22 விநாடி, 19 என்றால் 0.2 விநாடிக்குக் கொஞ்சம் கீழே. பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டே பிடி என்றாள் என் மகள். ஸ்கேல் அவன் கையைத் தாண்டிக் கீழே விழுந்தது. "சித்தி, வாய்ப்பாடு சொன்னா கை வேலை செய்யலை!" என்று கத்தினான். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து பேட்ஸ்மேனை அடைய ஏறக்குறைய அரை விநாடிதான், அதில் பாதி பார்த்துப் புரிந்துகொள்வதற்கே போய்விடும் என்று சொன்னதும் அன்று ராத்திரி மேட்ச்சை அவன் வேறு மாதிரி பார்த்தான்.

மகள் ஆடப் போகும் முன்னும் வந்த பின்னும் எடை பார்த்தோம். 34.2 கிலோ, வந்ததும் 33.9. நடுவில் குடித்த தண்ணீர் 200 மில்லி. அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் வேர்வை. அவளுக்கே நம்ப முடியவில்லை. மறுநாளிலிருந்து பாட்டிலை நான் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவளே நிரப்பிக்கொண்டாள். ஒரு மணி நேர ஆட்டத்துக்குத் தண்ணீர் போதும், வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர். கலர் கலராக விற்கும் ஸ்போர்ட்ஸ் பானம் தேவையில்லை.

நம் விளையாட்டுகளே ஒரு ஆய்வகம்தான். நொண்டியில் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து இறங்கும்போது எலும்புக்கும் கணுக்காலுக்கும் நல்ல வேலை. வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் உறுதியாக்கும் ஆட்டம் வேண்டும் என்று சொல்கிறார்களே, அதற்கு இதைவிட எளிய வழி இல்லை. கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடி. அத்தனை நேரம் ஒரே மூச்சில் பாடிக்கொண்டே ஓட முடிகிறதா என்று நேரம் பார்த்தால் மூச்சைப் பற்றி ஒரு பாடமே நடத்தலாம். பள்ளிகளுக்கான கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனைகளையும் வீட்டருகே செய்யலாம். சின்ன வகுப்புகளுக்கு ஒற்றைக் காலில் நிற்பதும் இரண்டு வட்டுகளைக் கையால் மாற்றி மாற்றித் தட்டுவதும், நாலாம் வகுப்புக்கு மேல் 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டம், உட்கார்ந்து முன்னால் எட்டுவது, புஷ் அப் போன்றவை. செலவே கிடையாது.

ஆனால் இதற்கு ஒரு பெரியவரின் நேரம் வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் அது ஐந்தாறு நாள்தான் தாங்கும். எங்கள் வீட்டிலும் ஏழாம் நாள் ஸ்கேல் பென்சில் பாக்ஸுக்குள் போய்விட்டது. முழங்கால் உள்ளே மடிகிறது என்று வீடியோவில் எனக்குத் தெரிந்தது, அதை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அங்கேதான் படித்தவர் தேவைப்படுகிறார்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் மே மாதம் எந்த வழியை எடுத்தாலும் கடைசியில் அதுதான் தீர்மானிக்கிறது. பிள்ளைகள் பெரியவர்களைவிடக் குறைவாக வேர்ப்பார்கள், அதனால் வேர்வையால் குளிர்வதும் குறைவு. நம் ஊர் காலைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உலராமல் வழிந்தோடுகிறது. உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால் ஆறு மணி என்றாலும் முழுப் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். கடல்காற்று தாமதமாக உள்ளே வரும் கத்திரி நாட்களில் பத்து மணிக்கு மேல் திறந்த மைதானத்தில் பிள்ளைகளை ஓட விடும் முகாமில், அது எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், சேர்க்காதீர்கள். நான் கேட்ட கேள்வி இதுதான்: ஒரு பிள்ளைக்குத் தலை சுற்றினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்வீர்கள்? நல்ல முகாமில் நிழலான இடத்தைக் காட்டினார்கள், ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார்கள், யார் யாருக்குப் போன் செய்வார்கள் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்கள். இன்னொரு இடத்தில் "அப்படியெல்லாம் எதுவும் ஆகாது மேடம்" என்றார்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முடிவு எடுக்கவில்லை. அக்கா மகனுக்கு நீச்சல். காலையில் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள், மாலையில் கீழே பிள்ளைகளோடு நொண்டியும் கபடியும். அவன் வயதுக்கு உட்கார்ந்து வரைபடம் போடுவது அடுத்த வருடமோ அதற்கடுத்த வருடமோ வரட்டும். மகளுக்கு மே முதல் வாரம் அந்த அறிவியல் முகாம், அந்த வாரம் பேட்மிண்டன் கிடையாது. அதற்குப் பிறகு வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் கோர்ட். இரண்டும் ஒன்றாக ஓடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன், இல்லையென்றால் மறுபடி அந்த இருபத்துநான்கு மணி நேரக் கணக்குக்கே போய்விடுவோம். விளையாட்டே பழகாத, மைதானத்துக்குப் போகவே கூச்சப்படும் பத்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் நான் முதலில் அறிவியல் முகாமில்தான் சேர்த்திருப்பேன். அங்கே யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை, நேற்றைய தன் எண்ணோடுதான் போட்டி.

பணம் கட்டி வந்த அன்று மகள் ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கித் தரச் சொன்னாள். முதல் பக்கத்தில் ஏழு நாளுக்கும் காலையில் எழுந்ததும் எடுத்த துடிப்பை எழுதியிருக்கிறாள்: 76, 78, 74, 75, 82, 77, 75. 82-க்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, 'சேப்பாக்கம் மேட்ச், 11:40-க்குத் தூங்கினேன்' என்று இருக்கிறது.